லாச்சி கத்தினால் "மழைக்கு அப்படித்தான்" என்று விடாதீங்க

எங்க ஊரில் லாச்சி இறுகினாலும் கிரீச்சிட்டாலும் எல்லாரும் சொல்ற பதில் ஒன்றுதான்: "மழைக்கு அப்படித்தான் இருக்கும், விடு." ஜூன் மாசம் பொல்பிட்டியவில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். ஒருத்தர் ரெண்டு கையாலும் பிடியைப் பிடித்து, ஒரு காலை அலுமாரியில் முட்டுக் கொடுத்து இழுப்பார். லாச்சி பாதி வந்து நிற்கும். இன்னும் இழுத்தால் பிடி மட்டும் கையோட வரும். அதுக்குப் பிறகு சமையல் கத்தியை இடுக்கில் விட்டு நெம்புவார்கள். முன்பலகையில் ஒரு சில்லு பெயரும். வருஷா வருஷம் ஒரு சில்லு.

எனக்குக் கோபம் இந்த "அப்படித்தான்" மேலதான். மழைக்கு மரம் ஊதும் என்பது உண்மை. ஆனா அரை மணித்தியால வேலையிலும் ஒரு மெழுகுதிரித் துண்டிலும் அந்தச் சத்தத்தை நிப்பாட்டலாம் என்பதும் உண்மை. ரெண்டாவது உண்மையை நாம கண்டுக்கிறதே இல்லை. பாஸ் வரட்டும், அப்பா வரட்டும், வெயில் வரட்டும் என்று காத்துக்கொண்டு இருக்கிறோம். லாச்சியைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று சிரிக்கிறவங்க சிரிச்சிட்டே வாசிங்க.

முதல்ல பேரைச் சொல்லிடுறேன். பாடப்புத்தகத்தில் இதை இழுப்பறை என்று போட்டிருப்பார்கள். நல்ல சொல்தான், ஆனா எங்க வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கு அது லாச்சி, சிங்களத்தில் லாச்சுவ. ரெண்டுக்கும் மூலம் ஒல்லாந்தரின் லாட்யே. அலுமாரியும் மேசையும் போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போன சொற்கள். தச்சு வேலைக்காரரைப் பாஸ் என்கிறோமே, அதுவும் ஒல்லாந்தச் சொல்தான். ஆக "பாஸ் வந்து அலுமாரி லாச்சியைச் சரிபண்ணினார்" என்று சொன்னால், அதில் நம்ம சொல் என்று மிஞ்சுறது வந்ததும் சரிபண்ணினதும் மட்டும்தான்.

சொல் மட்டுமில்லை, சாமானும் எங்க ஆட்களுக்குப் பிந்தி வந்ததுதான். அம்மாயி காலத்து லயத்தில் லாச்சி கிடையாது. தகரப்பெட்டி ஒன்று. ஸ்டோரிலிருந்து கழித்துவிட்ட தேயிலைப் பெட்டி ஒன்று. ஓரத்தில் தகரப்பட்டி அடித்த அந்தப் பிளைவுட் பெட்டியைப் படுக்க வைத்து, முன்னால ஒரு சீலைத் துண்டைத் தொங்கவிட்டால் அதுதான் அலுமாரி. தேயிலை கடதாசிச் சாக்குக்கு மாறின பிறகு அந்தப் பெட்டியும் இல்லாமல் போயிருச்சு. லாச்சி வைத்த அலுமாரி வீட்டுக்குள் வந்தது ஒரு கலியாணத்தோடு, அல்லது வெளிநாட்டுக்குப் போன ஒரு சித்தியின் காசோடு. எங்க வீட்டில் கலியாணத்தோடு.

அந்த லாச்சிக்குள் என்ன இருக்கு என்று பாருங்க. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, ஈபிஎப் கடதாசி, அடகுச் சீட்டு, கிளினிக் கொப்பி, செத்துப்போனவங்களின் மரணச் சான்றிதழ். சில வீடுகளில் மஞ்சளாகிப்போன பிரஜாவுரிமைச் சான்றிதழ். மலையகத்தில் கடதாசிக்கு இருக்கிற மரியாதை சும்மா வந்ததில்லை. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கு போட்டது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். 2003 இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் நாடற்றவர் என்ற பேச்சு அடங்கியது. அத்தனை வருஷமும் ஒரு குடும்பம் தான் யார் என்று காட்ட வேண்டியிருந்தது கடதாசியை வைத்துத்தான். தகரப்பெட்டியில் இருந்த அந்தக் கடதாசிகள் லாச்சிக்கு மாறின. அந்த லாச்சிதான் ஜூன் மாசம் திறக்காது, கச்சேரிக்குப் போகிற அவசரத்தில் கத்தியால் நெம்பப்படும்.

கடதாசிக்கும் இறுகுற லாச்சிக்கும் நேரடித் தொடர்பு ஒன்று இருக்கு. லாச்சியை நிரம்பத் திணித்தால் மேலே கிடக்கிற கடதாசி பின்பலகையைத் தாண்டி அலுமாரியின் முதுகுப் பக்கம் விழுந்துவிடும். அங்கே மடங்கிக் கிடந்து, லாச்சியை முழுசா மூடவிடாது. மூடவில்லை என்று நாம இன்னும் பலமாத் தள்ளுவோம். ஆகவே உங்க வீட்டு லாச்சி கடைசி ஓரங்குலம் உள்ளே போக மறுத்தால், மரத்தைக் குறை சொல்ல முதல் லாச்சியைக் கழற்றிப் பின்னால கையை விட்டுப் பாருங்க. எங்க வீட்டில் அப்படிக் கையை விட்டதில் கிடைத்தது தங்கச்சியின் தடுப்பூசி அட்டை. அஞ்சு வருஷமா "தொலைஞ்சு போச்சு" என்று இருந்தது.

சத்தத்துக்கு வருவோம். தனி அறைகள் இருக்கிற வீட்டில் லாச்சி கத்தினால் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். லயத்துக் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. பழைய லயங்களில் பல இடங்களில் நடுச்சுவர் கூரை வரை போகாது. ஒரு வீட்டு லாச்சி கத்தினால் பக்கத்து வீட்டுக் குழந்தை எழும்பும். அம்மா காலையில் அஞ்சு மணிக்கு லாச்சியிலிருந்து காசு எடுக்கும்போது, ராத்திரி வேலை முடிந்து வந்து படுத்த அப்பா புரண்டு படுப்பார். சோதனைக்குப் படிக்கிற பிள்ளை ஒரு கொப்பி எடுக்கப் போனால் வீட்டுக்கே தெரியும்.

இதை நேராகவே சொல்றேன். ஒரு பொம்பளப் பிள்ளை ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி, மாதவிடாய்த் துணியோ பேடோ எடுக்க லாச்சியைத் திறக்கிறாள். லாச்சி கத்துது. இருட்டுக்குள்ளே இருந்து "யாரு அது? என்ன தேடுற?" என்று ஒரு குரல். அடுத்த மாசத்திலிருந்து அவள் பேடைத் தலையணைக்கு அடியில் வைப்பாள். எனக்குத் தெரிஞ்ச எத்தனையோ பேர் இதைச் செய்திருக்காங்க. முதலாம் வருஷத்தில் வேர்ஜீனியா வுல்ஃப் 1929 இல் எழுதின புத்தகத்தைப் பற்றி விரிவுரை நடந்தது. எழுதுற பெண்ணுக்குச் சொந்தமா ஒரு அறையும் காசும் வேணும் என்கிற வாதம். அதை ஒத்துக்கொண்டு கொப்பியில் எழுதிக்கொண்டு இருந்தப்ப பக்கத்தில் இருந்த ஹட்டன் தோழி மெதுவாச் சொன்னாள்: "நமக்கு அறை எல்லாம் வேணாம்டி, பூட்டுற மாதிரி ஒரு லாச்சி இருந்தா போதும்." அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. ஒரு காம்பராவில் ஆறு பேர் இருக்கிற இடத்தில் ஒரு ஆளுக்கு உரியது என்று இருக்கிற ஒரே வெளி அந்த ஒன்றரை அடி லாச்சிதான். அது ஊருக்கே கேட்கிற மாதிரித் திறந்தால் அதில் என்ன தனிமை இருக்கு?

சரி, ஏன் கத்துது?

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கை ஆகிற இடம் எங்க ஊர். 1969 இலிருந்து அந்தத் தண்ணீரில் மின் நிலையம் ஓடுது. பக்கத்தில் வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல மழை. மன்னாரில் ஆயிரத்தைச் சுற்றித்தான். நாட்டுக்கு கரண்ட் குடுக்கிற அதே மழைதான் எங்க லாச்சியை இறுக்குது. மரம் வெட்டி அறுத்து வருஷக்கணக்கானாலும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திரும்ப விடும். ஊதுறது எல்லாப் பக்கமும் ஒரே அளவில்லை. நீளத்துக்கு, அதாவது நார் ஓடுற திசைக்கு, கிட்டத்தட்ட ஊதவே ஊதாது. குறுக்கேதான் ஊதும். லாச்சியின் பக்கப்பலகையில் நார் முன்னிருந்து பின்னாக ஓடும். ஆகவே அந்தப் பலகை உயரத்தில் வளரும். ஆறு அங்குல உயரப் பலகை காய்ஞ்ச மாசத்துக்கும் மழை மாசத்துக்கும் இடையில் ஒன்றிலிருந்து ரெண்டு மில்லிமீட்டர் வரை கூடிக் குறையலாம். பாஸ் விட்ட இடைவெளியே அவ்வளவுதான் என்றால் லாச்சி மேலேயும் கீழேயும் இறுகிப்போகும்.

இறுகினது ஏன் பாடணும் என்றால், உரசுற ரெண்டு மரமும் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு இழுவை தாங்காமல் சட்டென்று வழுக்கும், திரும்ப ஒட்டும். ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான தடவை இது நடந்தால் அதுதான் கிரீச். வயலின் வில் கம்பியில் பண்ணுறதும் இதேதான். வயலின்காரர் அந்த ஒட்டல் நல்லா வரணும் என்று வில்லில் ஒரு பிசினைத் தேய்ப்பார். நமக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரான பொருள்.

அந்தப் பொருளுக்குப் போக முதல் தரையைப் பாருங்க. இது எனக்குச் சொன்னது கினிகத்தேனை பக்கத்து பாஸ் ஒருத்தர். "நங்கி, லயத்துல பாதி லாச்சிக்கு வருத்தம் இல்ல, தரைக்குத்தான் வருத்தம்" என்றார். லயத்துச் சீமெந்துத் தரை மட்டமா இருக்காது. கழுவின தண்ணி ஓடணும் என்று சரிவா இழுத்திருப்பாங்க, பிறகு அங்கங்கே பெயர்ந்து குழி விழுந்திருக்கும். அலுமாரியின் ஒரு கால் அந்தரத்தில் நின்றால் முழு அலுமாரியும் முறுகும். நாலு மூலையும் சதுரமா இருக்க வேண்டிய லாச்சிக்குழி கொஞ்சம் சரியும். அதுக்குள்ளே சதுரமான லாச்சி எப்படி ஓடும்? அலுமாரியின் மேல் மூலையில் கையை வைத்து ஆட்டிப் பாருங்க. ஆடினால் தூக்கி நிற்கிற காலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகுங்க. கடதாசி அட்டை வேணாம், ஈரத்தில் நசிந்துபோகும். எங்க லயத்தில் மூன்று வீட்டு லாச்சிக்கு இதோடயே வேலை முடிஞ்சுது.

தரை சரி, பின்னால கடதாசி இல்லை, இன்னும் கத்துது என்றால் லாச்சியை முழுசா வெளியே எடுங்க. காலி பண்ணித் தலைகீழாக் கவிழ்த்துப் பாருங்க. உரசுற இடம் தானாக் காட்டிக்கொடுக்கும். மற்ற இடம் மங்கலா இருக்க, அந்த இடம் மட்டும் கறுத்து மினுங்கும். தெரியவில்லையா, பிள்ளைகளின் சோக்கட்டியைப் பக்கப்பலகை விளிம்பில் பூசித் திரும்ப உள்ளே தள்ளி எடுங்க. சோக் அழிந்த இடம்தான் உரசுற இடம். இந்தக் கட்டத்தில் ரெண்டு விஷயம் கவனிக்கணும். அடிப்பலகையில் ஆணி தலை நீட்டிக்கொண்டு இருக்கா? இருந்தால் சுத்தியலால் உள்ளே அடிக்கணும், இல்லாட்டி எத்தனை மெழுகு பூசினாலும் அது கோடு கிழித்துக்கொண்டே இருக்கும். அடிப்பலகை நடுவில் தொங்குதா? தொங்கினால் அது கீழே இருக்கிற சட்டத்தில் உரசும். பாரத்தைக் குறைத்து, பலகையைக் கழற்றித் திருப்பிப் போடலாம்.

அதுக்குப் பிறகு மெழுகுதிரி. சாதாரண வெள்ளை மெழுகுதிரி, கரண்ட் போகிற நாளைக்கு வீட்டில் வைத்திருக்கிற அதேதான். ஈரத்துணியால் துடைக்காதீங்க, காய்ஞ்ச துணியால் தூசியை எடுத்துட்டு, உரசுற இடங்களில் அழுத்தித் தேயுங்க. பக்கப்பலகையின் அடி விளிம்பு, மேல் விளிம்பு, அலுமாரிக்குள்ளே அது ஓடுற சட்டம், மூன்றிலும். பத்துத் தடவை உள்ளே தள்ளி வெளியே இழுங்க. திரும்ப ஒருக்கா தேயுங்க. முடிஞ்சுது. சத்தம் போகும் என்று சும்மா சொல்லவில்லை, அன்றைக்கே போகும். மழைக்கு முந்தி ஏப்ரலில் ஒருக்கா, நடுவில் ஓகஸ்ட் பக்கம் ஒருக்கா தேய்த்தால் வருஷம் ஓடிரும்.

சவுக்காரம் தேய்க்கிறவர்களும் இருக்காங்க. கொழும்பில் அது சரிவரலாம். சவுக்காரம் ஈரத்தை இழுக்கிற சாமான், எங்க ஊர் மழையில் பசையாகிப்போகும். தேங்காய் எண்ணெய் அதைவிட மோசம். ஊற்றின அன்றைக்கு வழுக்கும். ரெண்டு கிழமையில் எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, மேலே தூசி ஒட்டிக் கறுப்புப் பிசுக்காகி, எறும்பும் கரப்பானும் குடிவந்து, உள்ளே இருக்கிற பிறப்புச் சான்றிதழிலும் கறை ஏறும். நம்ம ஆட்கள் தலைவலியிலிருந்து தாழ்ப்பாள் வரை எல்லாத்துக்கும் தேங்காய் எண்ணெய் என்று போவாங்க. லாச்சிக்கு மட்டும் வேணாம்.

மெழுகு இல்லாத வீட்டில் பென்சில் இருக்கும். 2பி மாதிரி மெதுவான பென்சிலை உரசுற இடத்தில் நல்லாக் கறுக்கிற மாதிரித் தேயுங்க. பென்சிலுக்குள் இருக்கிற காரீயம் தகடு தகடா வழுக்கிற பொருள், இயந்திரங்களுக்கே காய்ஞ்ச மசகாப் போடுறது. உலகத்தில் கட்டி கட்டியா நரம்பில் கிடைக்கிற தூய காரீயத்துக்குப் பேர் போன நாடு இலங்கை. கேகாலைப் பக்கத்துப் போகலைச் சுரங்கம் எங்க ஊரிலிருந்து அப்படியொன்றும் தூரமில்லை. அங்கே தோண்டினது கப்பலேறிப் போகும், இங்கே நாம கத்தியால லாச்சியை நெம்பிக்கொண்டு இருப்போம். ஒன்று, உடுப்பு வைக்கிற லாச்சிக்குப் பென்சில் பூசாதீங்க, வெள்ளைச் சட்டையில் கை பட்டால் தெரியும்.

பக்கத்தில் இரும்புச் சனல் வைத்த புது மாதிரி லாச்சி என்றால் கதை வேற. அது கத்தினால் பெரும்பாலும் துரு, அல்லது திருகாணி தளர்ந்து ஒரு பக்கம் இறங்கியிருக்கும். திருகாணியை இறுக்கி, துணியால் பழைய பிசுக்கைத் துடைத்து, தையல் மெஷினுக்கு விடுற எண்ணெய் ரெண்டு சொட்டு. போதும்.

எல்லாம் செய்தும் லாச்சி இறுக்கமாவே இருந்தால்தான் சாண்ட் பேப்பரோ சீவுளியோ. இதில் ஒரு சட்டம் இருக்கு, அதை எல்லாப் பாஸ்மாரும் சொல்வாங்க, எந்த அப்பாவும் கேட்கமாட்டார்: மழையில் மரத்தைச் சீவாதே. ஜூலையில் ஊதி நிற்கிற பலகையை அளவாச் சீவினால், பெப்ரவரியில் அது சுருங்கி லாச்சி தொளதொளவென்று ஆடும், முன்பக்கம் தொங்கும். ஜனவரி, பெப்ரவரி காய்ச்சலில் எடுத்துப் பார்த்து, சோக் காட்டுற இடத்தை மட்டும் சாண்ட் பேப்பரால் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்க்கணும். அப்பவே இன்னொரு வேலையும் செய்யலாம். கடைகளில் அலுமாரிக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் பொலிஷ் அடிப்பார்கள். உள்ளே லாச்சிப் பலகை பச்சையாக் கிடக்கும், ஈரம் அந்த வழியாகத்தான் ஏறுது. நல்லாக் காய்ஞ்ச நாளில் லாச்சியின் உள்ளேயும் அடியிலும் மெல்லிசா வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால் ஊதல் மெதுவாகும். ஓடுற விளிம்பில் மட்டும் வார்னிஷ் வேணாம், அங்கே மெழுகுதான்.

இவ்வளவுதான் வேலை. இதில் ஆம்பளைப் பலம் தேவைப்படுற இடம் எது என்று எனக்குக் காட்டுங்க. சாண்ட் பேப்பர் வாங்க ஒரு ஹாட்வெயார் கடைக்குப் போனப்ப "வீட்டுல ஆம்பளை ஆள் யாரும் இல்லையா தங்கச்சி?" என்று கேட்டார்கள். இருக்காங்க அண்ணே, ஆனா லாச்சியைத் தினம் திறக்கிறது அவங்க இல்லையே. ஒரு மணித்தியாலத்தில் கிலோக்கணக்காக் கொழுந்தை ரெண்டு இலையும் ஒரு அரும்புமா எண்ணிப் பறிக்கிற கை எங்க அம்மாக்களுடையது. அந்தக் கைக்கு மெழுகுதிரி தேய்க்கத் தெரியாது என்று நம்புறது எங்களை ஏமாத்துறது மட்டுமில்லை, வீட்டு ஆம்பளைகளையும் தேவையில்லாத ஒரு கடனில் வைத்திருக்கிறது. "அப்பா வந்து பார்ப்பாரு" என்று சொல்லிச் சொல்லியே அந்த லாச்சி பத்து வருஷம் கத்துது.

இன்னொரு பக்கம் இருந்து வருகிற கேள்வியும் எனக்குத் தெரியும், ஏன்னா இந்தக் கட்டுரையை எழுதப்போறேன் என்றதும் எங்க பட்ச்சில் ஒருத்தன் கேட்டான்: "தோட்டத்துல காணி உரிமை இல்ல, சம்பளப் பிரச்சினை தீரல்ல, நீ லாச்சியைப் பத்தி எழுதுற?" நியாயமான கேள்வி. ஆனா அந்தக் காணிப் பிரச்சினைக்குள்ளே நின்றுதான் நான் லாச்சியைப் பார்க்கிறேன். லயம் தோட்டத்துக்குச் சொந்தம். கூரைத்தகரம் ஒழுகினாலும், தரை பெயர்ந்தாலும், சுவரில் ஒரு யன்னல் வைக்கணும் என்றாலும் யாரையோ கேட்கணும், கடிதம் குடுக்கணும், காத்திருக்கணும். அந்த நாலு சுவருக்குள்ளே எவனையும் கேட்காமல் நாம கை வைக்கக்கூடிய மரம் என்றால் அது நம்ம அலுமாரியும் கட்டிலும்தான். அதையும் "அப்படித்தான்" என்று விட்டால், வீட்டுக்குள் இருக்கிற எதுவுமே நம்ம கைக்குள் இல்லை என்று ஆகிறது. தரைக்குக் கடிதம் குடுங்க, தொழிற்சங்கத்துக்குச் சொல்லுங்க, வேணும். பதில் வரும் வரைக்கும் காலுக்கு அடியில் பலகைத் துண்டைச் செருகுங்க.

சம்பளம் என்றும் சொன்னானே, அதையும் பார்ப்போம். 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. எங்க பக்கம் பாஸ் ஒருத்தரின் ஒரு நாள் கூலி அதுபோல ரெண்டு மடங்குக்கு மேல. பாஸ் கேட்கிறது அநியாயம் இல்லை, அவருடைய வேலை அப்படி. மெழுகு தேய்க்கிற வேலைக்கு அவரைக் கூப்பிடுறதுதான் அநியாயம். அதைவிடப் பெரிய செலவு, லாச்சி இறுகுது என்று அலுமாரியையே மாற்றுறது. தவணைக்குக் குடுக்கிற கடைகள் டவுனுக்கு டவுன் இருக்கு. மினுங்குற அலுமாரி, கண்ணாடி வைத்தது, லாச்சி தொட்டாலே ஓடும். எங்க சொந்தத்தில் ஒரு கலியாணத்துக்கு அப்படி ஒன்று வாங்கினாங்க, கடைப் பேர் வேணாம். ரெண்டாவது மழைக்கு லாச்சியின் அடி வீங்கி மாவாக் கொட்டிச்சு. தவணை இன்னும் எட்டு மாசம் பாக்கி.

அது சிப்போர்ட். மரத்தூளையும் சில்லையும் பசையில் அழுத்திச் செய்து, மேலே மரப்படம் போட்ட தாளை ஒட்டின பலகை. நல்ல மரம் ஈரத்தில் ஊதினாலும் காய்ஞ்சதும் பழைய அளவுக்குத் திரும்பும். சிப்போர்ட் ஊதினால் உள்ளே அழுத்தி வைத்த சில்லுகள் விரிந்துவிடும், பிறகு திரும்பாது. திருகாணியும் அதில் பிடிக்காது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து போன பிறகு கம்பளைப் பக்கம் வீதியோரத்தில் குவிந்து கிடந்த வீட்டுச் சாமான்களைப் பார்த்தவங்களுக்கு இது தெரியும். வெள்ளத்தில் மூழ்கின பலா மர மேசையை ஆட்கள் கழுவி நிழலில் சாய்த்து வைத்திருந்தாங்க. சிப்போர்ட் அலுமாரிகள் நனைந்த பிஸ்கட் மாதிரிக் கிடந்தன, அள்ளத்தான் முடிஞ்சது. காய்ஞ்ச நாட்டுக் குளிரூட்டின வீட்டுக்குச் செய்த சாமானை 5,000 மில்லிமீட்டர் மழைக்குக் கொண்டுவந்து தவணைக்கு விற்கிறது வியாபாரம். அதைத் தெரியாமல் வாங்கி, பழைய சப்பு மர அலுமாரியைப் பிளந்து அடுப்பில் வைக்கிறது நம்ம பக்கத்துத் தவறு. ஒரு விஷயத்தை ஒத்துக்கணும், சிப்போர்ட் லாச்சி கத்துறதில்லை. சத்தமில்லாமலே உடையும்.

ஆகவே கலியாணத்துக்கோ வீடு குடிபூரலுக்கோ அலுமாரி வாங்கப் போறவங்க, மொரட்டுவையிலிருந்து வந்ததோ இங்கேயே டவுனில் செய்ததோ, கண்ணாடியில் முகத்தைப் பார்க்க முதல் ஒரு லாச்சியை முழுசா வெளியே இழுங்க. கவிழ்த்து அடியைப் பாருங்க. பக்கப்பலகை விளிம்பில் நார் தெரியுதா, இல்லை ஒட்டின நாடா தெரியுதா? முன்பலகையும் பக்கப்பலகையும் ஒன்றுக்குள் ஒன்று வெட்டிப் பொருத்தியிருக்கா, இல்லை ஸ்டேப்ளர் ஆணியா? அடிப்பலகையைப் பெருவிரலால் அழுத்தினால் அமுங்குதா? பூட்டு வேணும் என்று கேளுங்க, சாவி ரெண்டு கேளுங்க. மூக்கை உள்ளே விட்டு மணந்து பாருங்க, பசை வாசம் அடிக்குதா, மர வாசமா என்று. கடைக்காரர் "அதெல்லாம் கழட்ட ஏலாது தங்கச்சி" என்றால் அடுத்த கடைக்குப் போங்க.